மாங்காய் மூக்கில் ஒரு நிறுத்தம்

உஷாராணி அக்காவின் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. கதவுப் பிடியைத் திருகும்போது பாதியில் நின்று, கையை மாற்றிப் பிடித்து, மிச்சத்தைத் திருகுவார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ யோசித்து நின்றதுபோல் இருக்கும். யோசனை ஒன்றும் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் பேட் பிரிண்டிங் மெஷின் அந்தக் கையின் மேல் இறங்கியது, அவ்வளவுதான்.

கிள்ளானில் காப்பார் சாலையை ஒட்டி எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. காலி பாட்டில்களும் டப்பாக்களும் வேறு இடங்களில் வார்க்கப்பட்டு லோரியில் வரும். அவற்றின் மேல் பெயரும் படமும் அச்சடித்து அனுப்புவது எங்கள் வேலை. ஷாம்பு, முகப்பவுடர், கொசு மருந்து, எதுவானாலும். உஷாராணி அக்கா இருபத்தேழு வயதில் இங்கே சேர்ந்தார். சென்ற ஆண்டு நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு. இடையில் இருந்த இருபத்தொரு வருடமும் சாம்பல் நிறச் சட்டைதான். ஆபரேட்டர்களுக்குச் சாம்பல், டெக்னீஷியன்களுக்கு நீலம்.

பேட் பிரிண்டிங்கில் மை தொட்ட ரப்பர் குண்டு ஒன்று மேலிருந்து இறங்கி, பாட்டிலை அழுத்திவிட்டுப் போகும். நான்கு நிறம் என்றால் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கையால் வைத்து, கையால் திருப்பி, கையால் எடுக்க வேண்டும். அந்தப் பகுதி முழுக்க மையைக் கரைக்கும் தின்னர் வாடை.

"வீட்டுல கொழம்பு வச்சா உப்பு தெரியுது, காரம் தெரியுது, வாசம் மட்டும் தெரியல," என்று ஒருநாள் கேன்டீனில் சாதாரணமாகச் சொன்னார். "மக கேக்குறா, ஏம்மா கருகினது கூடவா தெரியலன்னு."

ஏப்ரலில் ரோபோ வந்தது.

அதற்காகக் கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி அறை கட்டி, ஏர்கான் போட்டார்கள். ஆள் உயரத்தில் ஒரு வெள்ளைக் கை. அது பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பாட்டில் நசுங்காமலிருக்க உள்ளே கொஞ்சம் காற்றை ஏற்றும். பிறகு, வரிசையாகப் பொருத்தியிருக்கும் மை ஹெட்டுகளுக்குக் கீழே பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டும். ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். மை அங்கிருந்து பொடிப்பொடியாகப் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஹெட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவே பத்து காசு நாணயத்தின் தடிமன் அளவுதான் இடைவெளி. ஒன்றை ஒன்று தொடக்கூடாது. தொட்டால் ஹெட் போயிற்று. பாட்டில் உருண்டையோ கோணலோ, எந்த வடிவமாக இருந்தாலும் அச்சடிக்கலாம் என்பதுதான் அதன் பெருமை.

சூப்பர்வைசர் பரமேஸ்வரன் முதல் நாள் ரோபோவுக்குப் பூசை வைத்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் வரை சரியாகத்தான் போனது. அவர் சூடம் ஏற்றப் போனபோது, மெஷினை நிறுவ ஷா ஆலத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் குகன் ஓடி வந்தான்.

"அங்கிள், சூடம் வேணாம் அங்கிள்! பொக ஹெட்டுக்குள்ள போயிரும்!"

"பாரு," என்றாள் தாமரை. அவளும் பேட் பிரிண்டிங்கில் வேலை செய்பவள், வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளைக்கு ஆரத்தி ஆகாதாம். ஏர்கான் ரூமு மட்டும் ஆகுமாம்."

அன்றிலிருந்து ரோபோவின் பெயர் மாப்பிள்ளை.

அதே வாரம் பேட் பிரிண்டிங் பகுதி டிசம்பரோடு மூடப்படும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அங்கே வேலை செய்த ஒன்பது பெண்களில் இருவர் மட்டும் டெக்னீஷியன்களாக ரோபோ அறைக்குப் போவார்கள். மற்ற ஏழு பேருக்கு டிசம்பரோடு சரி.

மற்றவர்கள் மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தார்கள். உஷாராணி அக்கா திட்டவில்லை. "திட்டி என்னா ஆவப் போவுது? எனக்கு அந்த ரூம்ல ஒரு எடம் வேணும்," என்றார், கடையில் பால் இல்லாத தே ஓ கேட்பதுபோல அத்தனை வெளிப்படையாக. "தின்னர் இல்ல, குண்டு இல்ல, கை வலி இல்ல. நீலச் சட்டையில ஒரு போட்டோ எடுத்து மாட்டணும்."

"நீலம் உனக்கு எடுக்காதுக்கா. கறுப்பா தெரிவே," என்றாள் தாமரை.

"இப்ப மட்டும் என்னா, வெள்ளையாவா தெரியறேன்?"

ரோபோவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் பிரிக்பீல்ட்ஸில் எண்ணெய் வியாபாரம் செய்யும் ஷம்சுதீன் என்பவருடையது. தீபாவளிக் குளியலுக்கான நல்லெண்ணெய். பாட்டில் மாங்காய் வடிவம். அடி பருத்து, மேலே போகப்போக ஒடுங்கி, மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அந்த உடல் முழுவதும் ஒரே கோடாக ஒரு கோலம் சுற்றி வந்து, மூக்கு வளைவுக்குள் நுழைந்து, மறுபுறம் மயிலாக முடிய வேண்டும். பேட் பிரிண்டிங்கில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

மாப்பிள்ளைக்கும் முடியவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த வரைபடத்தைக் கொண்டு குகன் பாதை போட்டான். எல்லாம் சரியாக வரும், மூக்குக்கு அடியில் உள்வளைவு வந்ததும் கோடு உடையும். மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டான். தேநீர் இடைவேளைகளில் உஷாராணி அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மதியம் உள்ளே போய்விட்டார். பாட்டில்களின் எண்ணிக்கையை எழுத நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, நீ படத்தப் பாக்குற. பாட்டிலப் பாரு."

"ரெண்டும் ஒண்ணுதான் ஆன்டி."

"ஒண்ணு இல்லலா. இங்க தொடு. மூக்குக்கு அடியில சதை கூட இருக்கு. உன் படத்துல இருக்கா இது?"

குகன் தொட்டுப் பார்த்தான். பிறகு, களைப்பில்தான் என்று நினைக்கிறேன், "நீங்களே காட்டுங்க ஆன்டி," என்றான். ரோபோவின் கையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் கை தளர்ந்துவிடும். நாம் பிடித்து நகர்த்தும் வழியெல்லாம் அதன் நினைவில் பதியும். பிறகு அதே வழியில் அதுவாகவே போகும்.

உஷாராணி அக்கா அந்த வெள்ளைக் கையைப் பிடித்து, ஹெட்டுக்குக் கீழே மாங்காயைத் திருப்பிக்கொண்டு போனார். மூக்குக்குச் சற்று முன்னால் அவருடைய மணிக்கட்டு நின்றது. கையை மாற்றிப் பிடித்து, மிச்சத்தைத் திருப்பினார். ஏழாவது முறை போட்ட பாதையில் கோலம் உடையாமல் வந்தது. ஆனால் ரோபோவும் மூக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போனது.

"ஏன் ஆன்டி அங்க நிறுத்துனீங்க?"

"கை திரும்பாதுப்பா. மாத்திப் புடிச்சேன்."

குகன் சிரித்துக்கொண்டே அந்த நிறுத்தத்தை அழித்துவிட்டு ஓட்டினான். கோடு உடைந்தது. திரும்பப் போட்டான், சரியாக வந்தது. மறுபடி அழித்தான், உடைந்தது. அங்கே ஒரு கணம் நின்றால் பாட்டிலின் ஆட்டம் அடங்குகிறதோ என்னவோ என்று சொல்லிவிட்டு, நிறுத்தத்தை இருந்தபடியே விட்டான். பாதைக்கு USHA-07 என்று பெயர் வைத்துச் சேமித்தான்.

"மாப்பிள்ளைக்கும் உன் கை வலி ஒட்டிக்கிச்சுக்கா," என்றாள் தாமரை, கண்ணாடிக்கு வெளியே நின்று.

பரமேஸ்வரன் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். "உன் எடம் கன்ஃபம் உஷா," என்றார். "எழுதியெல்லாம் கேக்காத. நான் சொன்னா சொன்னதுதான்." அடுத்த வாரம் நீலச் சட்டைக்கு அளவுகூட எடுத்துப் போனார்கள். எல் சைஸ். சட்டை ஜனவரியில்தான் கையில் கிடைக்கும். அதுவரை சாம்பல் சட்டையிலேயே அக்கா ரோபோ அறையில் வேலை செய்தார்.

இங்கே என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் பாட்டில் ஆறும்போது சுருங்கும். முழுதாகச் சுருங்க இரண்டு நாள் ஆகும். அதனால் பாட்டில் வந்து நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. பாட்டில் வந்த தேதி, வைத்திருந்த நேரம், அறையின் சூடு ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். எனக்கு முன்னால் இருந்த பெண் வேலையை ஒப்படைத்தபோது, ஒரு வாரத்துக்கான படிவங்களைத் திங்கட்கிழமை காலையிலேயே எழுதிவிடலாம் என்று காட்டிக்கொடுத்தாள். எல்லா நாளும் அதே எண்கள்தானே, தினமும் எதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும் என்றாள். அவளுக்கும் அதற்கு முன்னால் இருந்தவள் அப்படித்தான் காட்டியிருந்தாள். பரமேஸ்வரனும் திங்கட்கிழமையே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ரோபோ வந்த பிறகும் ஐந்து மாதம் நான் அப்படியே செய்தேன். எழுதியதும் நடந்ததும் ஒன்றாகவே இருந்தன.

செப்டம்பரில் பாட்டில் வார்க்கும் கம்பெனியில் மெஷின் பழுதாகி, செவ்வாய்க்கிழமை வர வேண்டிய மாங்காய்கள் வரவில்லை. ஷம்சுதீன் தினமும் பரமேஸ்வரனை அழைத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். "தீபாவளி முடிஞ்ச பொறவு எவன் பாஸ் தலைக்கு எண்ணெ வைப்பான்? சட்டியில ஊத்தி வடையா சுடச் சொல்றீங்க?"

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லோரி வந்தது. உஷாராணி அக்கா ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது இன்னும் சூடா இருக்கு. ராத்திரி ஊத்துனதா இருக்கும். சனிக்கெழம ஓட்டலாம்."

"சனிக்கெழம சரக்கு பிரிக்பீல்ட்ஸ்ல எறங்கணும் உஷா."

"மூக்கு இன்னும் சுருங்கலண்ணே. உள்ள காத்து ஏத்துனா உப்பிக்கும். ஹெட்டுல இடிச்சா என்னா பண்றது? சூசாலா, ரொம்பக் கஷ்டம்."

"வெயில்ல வந்த சாமான் ஜில்லுன்னா இருக்கும்? ஏர்கான்ல ஒரு மணி நேரம் வையி, போதும்."

"ஒரு மணி நேரம் பத்தாதுண்ணே."

பரமேஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. "நீ ஓட்டுறியா, இல்ல தாமரைய ஓட்டச் சொல்லட்டா?"

உஷாராணி அக்கா பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்தார். கண்ணாடி அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வந்த மணிய எழுதிக்கம்மா. இன்னிக்குத் தேதி, எட்டு மணி," என்றார்.

"சரிக்கா," என்றேன்.

அந்தப் படிவம் திங்கட்கிழமையே எழுதி, இரண்டு கையெழுத்தும் போட்டு, கோப்பில் இருந்தது. செவ்வாய் காலை வரவு, நாற்பத்தெட்டு மணி நேரம். மாற்றுவதென்றால் அடித்து எழுதி, பரமேஸ்வரனிடம் போய் மறுபடி கையெழுத்துக் கேட்க வேண்டும். அவர் இருந்த கோபத்தில் அவரிடம் போக எனக்கு மனமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு, அக்கா ஓட்டிய நான்காவது தட்டுப் பாட்டில்களில், இடித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பேனா மூடி தரையில் விழுந்தால் வருமே, அந்த அளவுதான். இடைவெளி சரியாக இருக்கிறதா என்று மெஷின் ஒவ்வொரு தட்டிலும் முதல் பாட்டிலை மட்டும்தான் அளக்கும். இது ஆறாவது பாட்டில். உப்பியிருந்த மூக்கு ஹெட்டின் அடித்தகட்டில் முட்டியது. ரோபோ வழக்கம்போல அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு வழக்கம்போல மிச்சத்தைத் திருப்பியது. உஷாராணி அக்கா சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியபோது தகடு வளைந்துவிட்டிருந்தது. கருஞ்சிவப்பு மை சொட்டுச் சொட்டாக மயிலின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா முதலில் சொன்னது, "நான் சொன்னேன்ல," என்பதுதான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஷா ஆலம் ஏஜென்டிடம் ஒரே ஒரு உபரி ஹெட் இருந்தது. குகன் கொண்டுவந்து மாட்ட நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளில் மாங்காய்கள் தாமாகவே ஆறிச் சுருங்கிவிட்டிருந்தன. திங்கட்கிழமை அதே பாட்டில்களை, அதே USHA-07 பாதையில், அதே நிறுத்தத்தோடு ஓட்டினார்கள். இரண்டாயிரம் பாட்டிலில் ஒன்றுகூட இடிக்கவில்லை. ஓட்டியது தாமரை. விசாரணை முடியும்வரை உஷாராணி அக்கா அறைக்குள் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

விசாரணை புதன்கிழமை நடந்தது. அறையில் மேனேஜர் லிம், பரமேஸ்வரன், உஷாராணி அக்கா, நான். குகன் தொலைபேசியில். லிம் ஆங்கிலத்தில் பேசுவார். அக்கா சொல்வதை ஆங்கிலமாக்கவும் நடந்ததைக் குறித்துக்கொள்ளவும் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அக்கா சாம்பல் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார்.

ஹெட் எந்த இடத்தில் இடிபட்டது என்று லிம் கேட்டார். மூக்குக்கு அடியில் என்றார் பரமேஸ்வரன். பாதையில் அந்த இடத்தில் ஏதாவது விசேஷம் உண்டா? ஒரு நிறுத்தம் இருக்கிறது என்றான் குகன். யார் வைத்தது? கையால் பதித்தபோது வந்தது, ஆன்டி பதித்தது. அந்த நிறுத்தம்தான் காரணமா? அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றான்.

"ஏன் அங்க நின்னுச்சுன்னு கேக்குறாருக்கா," என்றேன்.

"கை திரும்பாது. இதே கம்பெனியில ஒடஞ்ச கை. அதான் நின்னுச்சு. ஆனா இடிச்சது நின்னதால இல்ல. பாட்டில் சூடா இருந்துச்சு. அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வந்த பாட்டில். ஓட்டாதீங்கன்னு சொன்னேன்."

ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவரை நான் சரியாகத்தான் செய்தேன்.

லிம் பரமேஸ்வரனைப் பார்த்தார். பரமேஸ்வரன் கோப்பைத் திறந்து, படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். செவ்வாய் வரவு, நாற்பத்தெட்டு மணி நேரம், இரண்டு கையெழுத்து. பாட்டில் வந்த தேதி இருக்கும் லோரி சீட்டு எங்கே என்று லிம் கேட்கவில்லை. பாட்டில் ஆறாமல் ஓட்டியதாக இருந்தால் விதியை மீறியது கம்பெனி, புது ஹெட்டுக்கு வாரண்டி கிடைக்காது. படிவத்தை என் பக்கம் திருப்பி, இது சரிதானா என்று என்னிடம் கேட்டார்.

பரமேஸ்வரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

படிவம் சரியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அக்காவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். இருந்தும், "என்னா சொன்னே? தமிழ்ல சொல்லு," என்றார்.

மொழிபெயர்க்கத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

"ஃபாரம் சரியாத்தான் இருக்குன்னு சொன்னேங்க்கா."

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று லிம் கேட்டபோது அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். நான் குறிப்பில், சொல்ல ஏதுமில்லை என்று எழுதினேன்.

முடிவு இரண்டு வரியில் வந்தது. மணிக்கட்டுக் குறைபாட்டின் காரணமாக ரோபோ வேலைக்குப் பொருத்தமானவர் அல்ல. டிசம்பர் வரை பேட் பிரிண்டிங்கில் தொடரலாம்.

தொடர்ந்தார். கண்ணாடி அறையிலிருந்து பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த ரப்பர் குண்டுக்குக் கீழே மூடிகளை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடத்துக்குத் தாமரையை எடுத்தார்கள். தாமரைக்கு எம் சைஸ். ஆனால் எல் சைஸ் சட்டை ஏற்கெனவே தைத்தாகிவிட்டது, அதையே கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கேன்டீனில் தாமரை ஒருநாள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, "நானா கேட்டேன்? சொல்லுக்கா, நானா போயி கேட்டேன்?" என்றாள். "நீ சாப்புடு," என்றார் அக்கா. அன்றைக்குத் தாமரையின் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

விசாரணை முடிந்த வாரமே ஒரு புதுத் தாள் அறிவிப்புப் பலகையில் ஏறியது. மாங்காய் பாட்டில்கள் இனி வந்து மூன்று நாள் கழித்துத்தான் ஓட்டப்பட வேண்டும், லோரி சீட்டைப் படிவத்தோடு இணைக்க வேண்டும் என்று பரமேஸ்வரன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உஷாராணி அக்கா அதன் முன்னால் நின்று முழுதாகப் படித்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். ஒரு கடை வாசலில் அந்த மாங்காய்களைக் கோபுரம்போல் அடுக்கியிருந்தார்கள். ஒரு அம்மாள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கு வளைவுக்குள் போகும் கோட்டை விரலால் தொடர்ந்து போய், "இந்த சந்துக்குள்ள எப்படி போட்டிருக்கான் பாரேன்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் அங்கே நிற்கவில்லை.

டிசம்பர் கடைசி நாள் ஏழு பெண்களும் வருகை அட்டையைத் தட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி ஆளுக்கொரு கேக் கொடுத்தது. ஜனவரியில் தாமரை நீலச் சட்டையில் வந்தாள். தோள் இறங்கித் தொளதொளவென்று இருந்தது.

அந்த மாதமே குகன் மெஷினைப் பராமரிக்க வந்தான். பரமேஸ்வரன் அவனிடம், "அந்தப் பேர மாத்திருப்பா. ஆடிட்டுக்கு வர்றவன் யாரு உஷான்னு கேப்பான்," என்றார்.

"பாதையையும் புதுசா போட்டுறவா அங்கிள்? அந்த நிறுத்தம்…"

"பாதைய ஏன் தொடுற? நல்லாத்தானே ஓடுது. பேர மட்டும் மாத்து."

இப்போது அது MANGO-07. மூக்குக்குச் சற்று முன்னால் ரோபோ நிற்கிறது, பிறகு மிச்சத்தைத் திருப்புகிறது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முறை.

பிப்ரவரியில் உஷாராணி அக்கா எனக்குக் குரல்செய்தி அனுப்பினார். ஒரு ஃபாரம் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். எனக்கு முன்பே வந்து, இருவருக்கும் தே தாரேக் சொல்லியிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மேருவில் ஒரு சலவைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கிற வேலை.

"மடிக்கிறதுக்குக் கை எவ்வளவு திரும்பணும்னு தெரியல," என்றார். "போய்ப் பாப்போம்."

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். அது மலாயில் இருந்தது. மலாய் அவர் என்னைவிட நன்றாகவே எழுதுவார். பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

"அன்னிக்கு அந்த ரூம்ல மூணு தடவ உன் மொகத்தப் பாத்தேன்," என்றார். குரலில் கோபமில்லை. "மொதத் தடவ, இந்தப் புள்ள சொல்லிரும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ, பயப்படுது, ஆனா சொல்லிரும்னு நெனச்சேன்."

மூன்றாவது தடவையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அக்கா, நான் திங்கக்கெழமையே எழுதி…"

"தெரியும்லா. உனக்கு முன்னாடி இருந்தவளும் திங்கக்கெழமதான் எழுதுவா. அந்தக் கம்பெனியில யாருக்குத் தெரியாது?" தே தாரேக்கை ஒரு வாய் குடித்தார். "எழுதினத நான் கேக்கல. எழுது, இப்ப இத எழுது. டீ ஆறுது."

எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, வயது, அனுபவம் இருபத்தொரு வருடம். உடல்குறை ஏதும் உண்டா என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். "இல்லன்னு போடு," என்றார். போட்டேன். அதற்குக் கீழே, முந்தைய வேலையை விட்ட காரணம். ஒரே ஒரு கோடு.

"இதுக்கு என்ன எழுதட்டுங்க்கா?"

"என்னா நடந்துச்சோ அத எழுது. நீதான அங்க இருந்தே."

கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தோசைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நடந்ததை அந்த ஒரு கோட்டில் எப்படி எழுதுவது என்று பார்த்தேன். உண்மையை எழுதினால் அவரை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை செய்த பகுதி மூடப்பட்டது என்று மலாயில் எழுதினேன். அது பொய்யில்லை.

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"ஃபாரம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பையின் பூட்டைத் திருகியபோது வலது கை பாதியில் நின்றது. உதவலாம் என்று கை நீட்டினேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கையை மாற்றிப் பிடித்து, மிச்சத்தைத் தானே திருகினார்.